சமூக ஊடகத்தில் நன்கொடை திரட்டுவது: மதுரை வட்டாரத் தொண்டு அமைப்புகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நிறைய. மாலை டியூஷன் நடத்துகிறவர்கள், முதியோர் இல்லம் வைத்திருப்பவர்கள், கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்கள், பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளியின் உறவினர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் என்று பல வகை. இவர்களில் பெரும்பாலோரிடம் விளம்பரத்துக்கென்று தனி ஆள் கிடையாது. செயலாளரின் மகனோ, டியூஷன் எடுக்க வரும் கல்லூரிப் பெண்ணோதான் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எதில் தொடங்குவது? வாட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, இன்ஸ்டாகிராமா?

வாட்ஸ்அப்பில் தொடங்குங்கள். சின்ன அமைப்புக்கு முதலில் பணம் கொடுப்பவர்கள் தெரிந்தவர்கள்தான். கூடப் படித்தவர்கள், வேலை பார்த்த இடத்து நண்பர்கள், தெருக்காரர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள். எல்லாரும் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறார்கள்.

ஆனால் கொடையாளர்களைக் குரூப்பில் போடாதீர்கள். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பது வசதி போலத் தெரியும். நடப்பது வேறு. எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், காலை வணக்கப் படங்கள் குவியும், தேர்தல் வந்தால் சண்டை வரும். ஒருநாள் நல்ல கொடையாளர் ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். குரூப்பைத் தொண்டர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடையாளர்களுக்கு, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் ரசீது அனுப்பும்போதே "இந்த நம்பரை எங்கள் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முகம் தெரியாதவர்களும் பின்தொடர வேண்டுமென்றால் 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனல் இருக்கிறது. அதில் ஒருவரின் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது.

பேஸ்புக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், வெளியூரில் குடியேறிய ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். அவர்களிடம் பணத்தைவிட ஞாயிற்றுக்கிழமை நேரத்தைக் கேட்பது பொருத்தம். யூடியூப் மெதுவாகப் பலன் தரும். உங்கள் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடுகிறவர் அங்கே ஒரு நல்ல வீடியோவைப் பார்த்தால் நம்பிக்கை வரும். இத்தனையையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஆறு மாதமாக எதுவும் போடாத பக்கத்தைப் பார்க்கிறவர், அமைப்பே மூடப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

லைக் நூற்றுக்கணக்கில் வருகிறது. பணம் வருவதில்லை. ஏன்?

லைக் போடுகிறவர் உங்கள் வேலையைப் பாராட்டுகிறார். பணம் கொடுக்க அவருக்கு இன்னொரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: "நான் கொடுத்தது எங்கே போகும்?" பெரும்பாலான பக்கங்களில் அந்தப் பதிலே இல்லை. உதவி கேட்கும் பதிவு இருக்கும், நன்றி சொல்லும் பதிவு இருக்கும். நடுவில் என்ன வந்தது, என்ன செலவானது என்பது இருக்காது.

நம் பக்கத்தில் மொய் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனால், யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. மைக்கில் வாசிக்கிறார்கள். இப்போது பல இடங்களில் கணினியில் பதிந்து அச்சடித்த ரசீதே கையில் தந்துவிடுகிறார்கள். கையில் காசு குறைவாக இருந்தாலும் கடன் வாங்கியாவது மொய் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு நிற்கும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். கணக்கு எழுதிப் பழகிய ஊரில், கணக்கே காட்டாத ஒரு பக்கத்துக்குப் பணம் அனுப்பச் சொன்னால் தயங்கத்தான் செய்வார்கள்.

ஆகவே நன்கொடை கேட்கும் பதிவுகளைக் குறைத்து, கணக்குச் சொல்லும் பதிவுகளைக் கூட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

கணக்கை எப்படிப் போடுவது? ஆடிட்டர் அறிக்கையை அப்படியே போடலாமா?

ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் வலைத்தளத்தில் வையுங்கள், தேடுகிறவர் பார்க்கட்டும். ஆனால் மாதா மாதம் மக்கள் படிப்பது நாலு வரிக் கணக்கைத்தான். மாதிரிக்கு இப்படி:

"ஆடி மாதம். வரவு 41 பேரிடமிருந்து ரூ. 38,500. அரிசி, மளிகை ரூ. 17,200. இரண்டு ஆசிரியைகளுக்கு ரூ. 14,000. கரண்ட் பில் ரூ. 1,900. மீதி ரூ. 5,400, நோட்டுப் புத்தகத்துக்கு வைத்திருக்கிறோம்."

அவ்வளவுதான். மீதி இருந்தால் மீதி என்று சொல்லுங்கள், பற்றாக்குறை என்றால் அதையும் சொல்லுங்கள். மளிகைக் கடை பில்லை ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. கண்மாய் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. வேலை தொடங்குமுன் ஒரு மரத்தையோ மடையையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று தேதியுடன் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்திலிருந்து ஒன்று, மழை பெய்து தண்ணீர் வந்ததும் இன்னொன்று. ஜேசிபி ஓடிய மணிக்கணக்கையும் டீசல் செலவையும் கீழே எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. எந்தத் துறையின் அல்லது ஊராட்சியின் அனுமதியோடு இறங்கினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கண்மாயில் மண் அள்ளுவது என்றாலே ஊரில் சந்தேகம் எழும்.

செயலாளரின் சொந்த ஜிபே நம்பரைப் போடலாமா?

கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கூடாது. அந்தப் பணம் சட்டப்படி அவருடைய கணக்கில் விழுகிறது. அறக்கட்டளையின் வரவாகக் காட்ட முடியாது, வரிச்சலுகை ரசீது தர முடியாது, நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அறக்கட்டளையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, அதற்கு யுபிஐ க்யூஆர் வாங்குங்கள். ஸ்கேன் செய்ததும் அமைப்பின் பெயர் திரையில் தெரிய வேண்டும். அந்தப் பெயரைப் பதிவிலும் எழுதுங்கள்: "ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்."

பெயர் தெரியாமல் வரும் சின்னத் தொகைகளையும் தனியாகக் குறித்து வையுங்கள். யார் கொடுத்தார் என்ற விவரமே இல்லாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் 30 சதவீத வரி விழ வாய்ப்புண்டு.

80ஜி பற்றிப் பதிவில் என்ன எழுதலாம்?

80ஜி என்பது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை தரும் பிரிவு. உங்களிடம் அந்த அங்கீகாரம் நடப்பில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம் என்பது போதாது. "100 சதவீத வரிவிலக்கு" என்று சிலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிக்குத்தான், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டுத்தான், வரிக் கழிவு கிடைக்கும். ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்தக் கழிவு இல்லை. சம்பளக்காரர்கள் நிறையப் பேர் அந்தத் திட்டத்துக்குப் போய்விட்டார்கள், ஆகவே வரிச்சலுகையை முதல் வரியில் வைத்து நன்கொடை கேட்பதில் இனி பெரிய பலன் இல்லை.

கொடுத்தவரின் பான் எண்ணும் முகவரியும் வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் 10பிடி படிவத்தில் அவர்கள் விவரத்தைத் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ. 200 கட்டணம். பான் எண்ணைக் குரூப்பிலோ கமெண்டிலோ கேட்காதீர்கள், தனிச் செய்தியில் வாங்குங்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீதில் எந்த எண்ணை அச்சடிப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், துபாயில் இருக்கும் தமிழர்கள் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். வாங்கலாமா?

எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. துபாயில் வேலை பார்க்கும் திருமங்கலத்துக்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாத்தா காலத்திலேயே மலேசியா போய் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டவர், பேச்சிலும் மனசிலும் நம்மவராகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவரிடம் வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு கேட்க, அமைப்பு மூன்று வருடமாவது இயங்கி, அந்தக் காலத்தில் ரூ. 15 லட்சமாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

"என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் உங்களுக்குப் போடுவான்" என்று அன்போடு சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஒரு தொகைக்காக அமைப்பையே இழக்க நேரிடும். அவர்கள் ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒருநாள் இருக்கட்டும், ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித் தரட்டும். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

எங்கள் இல்லத்துக் குழந்தைகளின் படத்தைப் போடலாமா? முகம் தெரிந்தால்தான் பணம் வருகிறது.

போடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 இதைத் தெளிவாகத் தடுக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் எந்த ஊடகத்திலும் வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். முகத்தை மட்டும் மறைத்துவிட்டு, பின்னால் பள்ளியின் பெயர்ப் பலகை தெரிய, "இந்தச் சிறுமியின் அப்பா..." என்று கதை எழுதினாலும் அடையாளம் தெரிந்துவிடும். செல்லம்பட்டியிலோ சேடபட்டியிலோ அப்பா பெயரும் தெருவும் சொன்னால் ஊருக்கே யார் என்று தெரியும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இது தப்பு. ஏழு வயதில் எடுத்த அழுமுகப் படம் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் இணையத்தில் இருக்கும். வேலைக்கு நேர்காணல் போகும்போதும், பெண் பார்க்க வரும்போதும் இருக்கும். நாம் வாங்கிய நோட்டுப் புத்தகத்துக்கு அவர்கள் காலமெல்லாம் விலை கொடுக்க வேண்டுமா?

இல்லம் இல்லாமல் மாலை டியூஷன் மட்டும் நடத்துகிறவர்கள், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சம்மதம் கொடுத்தவர் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கையெழுத்துப் போடும் அம்மா, போடாவிட்டால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து போடக் கூடாது. அதை வாய்விட்டே சொல்லுங்கள்.

அப்புறம் எதைப் படம் எடுப்பது? பிள்ளை வரைந்த ஓவியம், கரும்பலகையில் பாதி போட்ட கணக்கு, வாசலில் கிடக்கும் செருப்புகள், பாடம் நடத்தும் அக்காவின் பேச்சு, காலையில் காய் நறுக்கும் சமையற்கார அம்மாவின் கை. நல்ல பதிவுக்கு இவையே தாராளம். பிள்ளைகளே தங்கள் இடத்தைப் பற்றிக் குரல் பதிவு செய்து, பெயர் இல்லாமல் போட்டதும் அழகாக இருக்கும்.

பெரியவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது படம் எடுப்பது?

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டாலும், பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்லத் துணிவாரா என்று யோசியுங்கள். தட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லும் படம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அதைப் பார்க்கும் நல்ல கொடையாளருக்கும் பிடிக்காது. கொதிக்கும் சாம்பார் அண்டாவைக் காட்டுங்கள். கட்டிவைத்த பொட்டலங்களைக் காட்டுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களோடு வேலை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் அவர்கள் நிலையை வெளியிட 2017ஆம் ஆண்டின் சட்டம் அனுமதிப்பதில்லை.

பிறந்தநாள், நினைவு நாளுக்குச் சாப்பாடு போட எல்லாரும் முன்வருகிறார்கள். ஆசிரியர் சம்பளத்துக்குக் கேட்டால் யாரும் தருவதில்லை. என்ன செய்வது?

எல்லா ஊரிலும் இதே நிலைதான். முதலில் அந்த உணர்வை மதியுங்கள். நம் மக்கள் வரிச்சலுகைக்காகக் கொடுப்பதைவிட நினைவுக்காகக் கொடுப்பது அதிகம். ஒய். கொடிக்குளத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு ஆயி என்கிற பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தது, இறந்துபோன மகளின் நினைவாகத்தான். 2024 குடியரசு நாள் விழாவில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. அன்னதானம் மட்டுமே நினைவு நாளுக்கு உரியது என்றில்லை, படிப்பும் அதற்கு உரியதுதான் என்று மக்களுக்குத் தெரியும். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு தேதிப் பட்டியல் வைத்திருப்பதுபோல, "அம்மா நினைவாக ஒரு மாத டியூஷன்" என்றும் ஒரு வரிசை வையுங்கள். தொகையைச் சொல்லுங்கள், அந்தத் தொகையில் ஆசிரியைக்குப் போவது எவ்வளவு என்றும் சொல்லுங்கள். சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்று மறைத்துப் பேச வேண்டாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறவரின் சம்பளம்தான் நீங்கள் செய்யும் பணி.

போன வருடம் நினைவு நாளுக்குக் கொடுத்தவருக்கு இந்த வருடம் பத்து நாள் முன்னால் ஒரு செய்தி அனுப்புங்கள். பணம் கேட்காமல், "அப்பாவின் நாள் வருகிறது, நினைத்துக்கொண்டோம்" என்று மட்டும். மாதா மாதம் ரூ. 200 கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மாதந்தோறும் பணம் தானாகவே வந்துவிடும் யுபிஐ ஆட்டோபே வசதி செய்து கொடுங்கள். திடீரென்று ஒருவர் போடும் பெரிய தொகையைவிட, நூறு பேர் தவறாமல் கொடுக்கும் சின்னத் தொகையை நம்பித்தான் ஓர் ஆசிரியைக்கு வேலை உறுதி சொல்ல முடியும்.

எங்களுக்குப் பணம் வேண்டாம், முகாமுக்கு ஆள் வர வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்டோம், கிராமத்திலிருந்து யாரும் வரவில்லை.

வர வேண்டியவர் இன்ஸ்டாகிராமில் இல்லை. கண்புரை உள்ள மேலூர்ப் பாட்டி உங்கள் ரீல்ஸைப் பார்க்கப்போவதில்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தித்தான் மக்களைச் சென்றடைந்தது. அந்த முகாம்களில் இடம் பார்ப்பதையும் ஊருக்குச் சொல்வதையும் உள்ளூர் அமைப்பு ஒன்று ஏற்றுக்கொள்ளும். யார் பேச்சை ஊர் கேட்குமோ அவர் சொன்னால் ஆள் வரும்.

இன்றைக்கும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, டீக்கடையில் நோட்டீஸ், நூறு நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம் ஆகியவைதான் வேலை செய்யும். சமூக ஊடகத்துக்கு இங்கே வேறு வேலை. அந்தப் பாட்டியின் பேரன் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கிறான். "உங்கள் ஊரில் ஞாயிறு காலை 9 மணிக்குக் கண் பரிசோதனை, தாத்தா பாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்" என்று அவனுக்குப் போய்ச் சேரும்படி போடுங்கள். ஒரு நிமிடக் குரல் பதிவு, ஊர்ப் பேச்சில், ஊர்க்காரர் ஒருவர் பேசியது என்றால் குடும்பக் குரூப்புகளில் தானாகச் சுற்றும். படத்தில் பொடி எழுத்தில் பத்து வரி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இடம், நாள், நேரம், என்ன கொண்டுவர வேண்டும், செலவு உண்டா. இவ்வளவு போதும்.

"ரத்தம் அவசரம்" செய்திகளை எங்கள் பக்கத்தில் பகிரலாமா?

நோயாளி இருக்கும் மருத்துவமனை, ரத்த வகை, தேதி, பேச வேண்டிய நம்பர் நான்கும் இருந்தால் மட்டும். முதலில் அந்த நம்பருக்கு நீங்கள் பேசுங்கள். கிடைத்ததும் பதிவை எடுத்துவிடுங்கள். தேதியில்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றி, துக்க வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன் போவது கொடுமை.

ஒரு பெரிய யூடியூபர் எங்கள் இல்லத்தில் வீடியோ எடுக்கக் கேட்கிறார். விடலாமா?

விடலாம், நிபந்தனையோடு. யார் முகம் வரலாம், எந்தக் க்யூஆர் போட வேண்டும், வெளியிடுமுன் நீங்கள் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். தன் கணக்கில் பணம் வாங்கி உங்களுக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். தலைப்பு, முகப்புப் படம் எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். உள்ளே நல்லபடியாகப் பேசிவிட்டு, வெளியே "பெற்ற பிள்ளைகளே விரட்டிய கொடூரம்" என்று போட்டுவிட்டால், மறுநாள் இல்லத்து வாசலில் உறவினர் வந்து நிற்பார்கள். அந்தப் பெரியவர் நாளைக்கும் அதே பிள்ளைகளோடுதான் பேச வேண்டியிருக்கும்.

வைரல் ஆக என்ன வழி?

வைரலைத் துரத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நன்றாக யோசித்த ஒரு சவால் பரவலாம். 2014இல், தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் ஐஸ் வாளிச் சவால் மூலம் அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு ஏறத்தாழ 11.5 கோடி டாலர் வந்தது. அதே ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி, தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதில் ஒரு வாளி அரிசியைத் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிட்டுப் படம் போடுங்கள் என்றார். அரிசி வாளிச் சவால் உடனே பரவியது. பார்க்கிறவர் அன்றைக்கே, தன் தெருவிலேயே செய்ய முடிகிற காரியம் அது. நீங்கள் ஏதாவது யோசித்தால் அந்த அளவில் எளிமையாக யோசியுங்கள்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் என்ன செய்யலாம்?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் யாரும் உங்கள் நீண்ட பதிவைப் படிக்க மாட்டார்கள். நீர்மோர்ப் பந்தல் போட்டால் அங்கே அமைப்பின் பெயர்ப் பலகையும் க்யூஆர் அட்டையும் வையுங்கள், வந்து நிற்கிறவர்களோடு பேசுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. உங்கள் படத்தில் அது தெரிந்தால் கமெண்ட் முழுக்க அதைப் பற்றியேதான் இருக்கும். எல்லாம் முடிந்த மறுநாள் பந்தல் இடத்தைப் பெருக்கும் படத்தைப் போட்டால் மக்கள் அதை நிச்சயம் கவனிப்பார்கள்.

அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க 'தான் உத்சவ்' என்ற கொடைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, கல்லூரிகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய நல்ல வாரம்.

வெள்ளம், புயல் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. அப்படி நேரத்தில் மதுரையிலிருந்து உதவ எல்லாரும் துடிப்பார்கள். பொத்தாம்பொதுவாக "உதவுங்கள்" என்று போட்டால் பழைய துணி மூட்டைகள் வந்து குவியும். 2015 சென்னை வெள்ளத்தில் அப்படி வந்த துணிகள் தெருவோரம் கிடந்தன. அங்கே களத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டு, பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள்: பாய், போர்வை, நாப்கின், குழந்தைக்கான பால்மாவு. போதுமான அளவு வந்ததும் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று அதே பதிவின் மேலே எழுதுங்கள். போதும் என்று சொல்லும் அமைப்பை அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்யலாமா? கிரவுட்ஃபண்டிங் தளங்கள்?

சின்ன அமைப்புக்கு, பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பேஸ்புக் பூஸ்ட் பெரிதாக உதவாது. ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு, மதுரை மாவட்டத்துக்குள் மட்டும் என்று வேண்டுமானால் சின்னத் தொகையில் செய்து பாருங்கள். தகுதியுள்ள தொண்டு அமைப்புகளுக்கு கூகுள் தேடல் விளம்பரத்தை மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் அதற்கு ஒழுங்கான வலைத்தளம் வேண்டும். படம் வடிவமைக்கும் கேன்வா தளமும் தொண்டு அமைப்புகளுக்கு இலவசம், நோட்டீஸ் செய்ய உதவும். பலரிடம் இணையத்தில் நிதி திரட்டித் தரும் மிலாப், கெட்டோ, கிவ்இந்தியா போன்ற தளங்களில் போட்டாலும், முதல் பத்துப் பேரை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும். கட்டணம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று படித்துவிட்டுச் சேருங்கள்.

"கணக்கு எங்கே? எல்லாம் திருட்டு" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அங்கேயே மரியாதையாகப் பதில் சொல்லி, மாதக் கணக்குப் பதிவின் இணைப்பைக் கொடுங்கள், நேரில் வந்து பார்க்க அழையுங்கள். படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் அந்தப் பதில் போய்ச் சேரும். சாதி, மதம் சொல்லித் திட்டுவதையும், பயனாளியை அடையாளம் காட்டுவதையும் உடனே நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும்.

எங்கள் படத்தை எடுத்து வேறு க்யூஆர் போட்டு யாரோ வசூலிக்கிறார்கள்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கைத் தளத்தில் புகார் செய்யுங்கள், உங்கள் ஆட்களையும் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் எச்சரிக்கையை மேலே பொருத்தி வையுங்கள். ஏமாந்து பணம் அனுப்பியவர் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், சீக்கிரம் அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப் புகாரும் கொடுங்கள். வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டிய விஷயம் இல்லை.

பக்கத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது.

அவரிடம் அன்பாகப் பேசி இந்த வாரமே மாற்றி வாங்குங்கள். பக்கத்துக்கு எப்போதும் இரண்டு அட்மின்களாவது இருக்கட்டும், அதில் ஒருவர் அறங்காவலர். மின்னஞ்சலும் போன் நம்பரும் அமைப்பினுடையதாக இருக்க வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். "உங்கள் பக்கம் விதியை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று மெட்டா பெயரில் வரும் செய்தியின் இணைப்பைத் தொடாதீர்கள், பெரும்பாலும் அது பாஸ்வேர்டு பறிக்கும் வேலை. யாரிடம் எந்தக் கணக்கின் பொறுப்பு இருக்கிறது என்பதை வங்கிக் கையெழுத்து அதிகாரத்தை எழுதுவதுபோலத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆள் மாறும்போது கூட்டத்தில் வைத்தே ஒப்படையுங்கள். போன தம்பியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். முதல் சம்பளத்தில் நன்கொடை கொடுக்கப் போகிறவர் அவராகக்கூட இருக்கலாம்.